கடன் கொடுத்தவர்கள் பட்டியல்

1

நம் ஊரில் இன்று ஆடித்தபசு. இங்கே கொழும்பில் வெறும் வியாழக்கிழமை. ஆறே முக்கால் டிராமைப் பிடித்து ஏழரைக்கு ஆஸ்பத்திரி லாபரட்டரியில் இருந்தேன். இருபத்திரண்டு ரத்தம், ஒன்பது சிறுநீர், மூன்று சளி. ஒவ்வொரு புட்டியிலும் பெயர், வார்டு, தேதி மூன்றும் இருக்கிறதா என்று பார்ப்பது என் முதல் வேலை. ஒன்று குறைந்தாலும் சோதிக்கக் கூடாது, திருப்பி அனுப்ப வேண்டும். இன்று இரண்டைத் திருப்பினேன்.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோதுதான், இந்நேரம் ரத வீதியில் கால் வைக்க இடம் இருக்காது, கரிசல்காட்டு ஆட்கள் அம்மன் சப்பரத்தின்மேல் பருத்தியையும் வத்தலையும் வீசிச் சூறை விட்டுக்கொண்டிருப்பார்கள் என்று நினைப்பு வந்தது. போன வருஷம் இதே நாளைக்குள் அப்பா பத்துப் பேருக்குப் பணம் திருப்பித் தந்திருக்க வேண்டும். தரவில்லை. அதற்குப் பதினைந்து நாள் முன்பு அவர் திருநெல்வேலிக் கோர்ட்டில் ஐ.பி. கொடுத்துவிட்டார். ஐ.பி. என்றால் இன்சால்வென்சி மனு. ஊர்வழக்கில் மஞ்சள் கடுதாசி.

இதைப் பற்றிச் சங்கரன்கோவிலில் நாலுவிதமாகப் பேசுகிறார்கள் என்று அம்மா எழுதுகிறாள். மகள் கொழும்பிலிருந்து வந்து தூண்டிவிட்டாள் என்பது ஒரு விதம். மகள் பெயரில் பணத்தை ஒதுக்கிவிட்டார் என்பது இன்னொன்று. மற்ற இரண்டை அவள் எழுதவில்லை. அதனால் நடந்ததை நடந்த வரிசையில் நானே எழுதிவிடுகிறேன்.

2

அப்பாவுக்குப் பருத்திக் கமிஷன் கடை. விவசாயிகள் கொண்டுவருகிற பருத்தியை விற்றுக் கொடுத்துக் கமிஷன் எடுத்துக்கொள்வார். விற்ற பணத்தை எல்லோரும் ஊருக்குக் கொண்டுபோவதில்லை. வீட்டில் வைத்தால் மச்சினன் கேட்பான், சம்பந்தி கேட்பான். "உங்க கடையிலயே கெடக்கட்டும் அண்ணாச்சி, தபசுக்கு வந்து வாங்கிக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். ஆடு விற்றவர்களும் அப்படியே கொடுத்து வைப்பார்கள். தபசுக்கு வந்து வேண்டியதை வாங்கிக்கொண்டு மீதியை மறுபடி விட்டுவிட்டுப் போவார்கள்.

இதற்குச் சீட்டு கிடையாது. சீட்டு கேட்டால் கடைக்காரரைச் சந்தேகப்பட்டதாக ஆகிவிடும். கடைக்காரர் தானாக எழுதிக் கொடுத்தாலும் தப்பு. மனசில் நிற்காது, அதனால்தான் எழுதுகிறார் என்று நினைப்பார்கள். அதனால் அப்பா எழுதியதே இல்லை. கமிஷன் கணக்கெல்லாம் பேரேட்டில் சுத்தமாக இருக்கும். கொடுத்து வைத்த பணம் மட்டும் அவர் தலைக்குள்ளேயே இருக்கும். சின்ன வயதில் எனக்கு இது பெருமையாக இருந்தது. லாபரட்டரிப் படிப்பு முடித்த பிறகு பயமாக மாறியது.

பருத்தி விலை ஏறிய வருஷம் அப்பா கமிஷனோடு நிற்காமல் சொந்தமாகவும் வாங்கினார். அதற்காக ஊரில் ஒரு வட்டிக்காரரிடம் புரோநோட்டு எழுதிக் கொடுத்தார். எங்கள் வீட்டில் அவருக்கு நோட்டுக்காரர் என்று பெயர். வாங்கிய பருத்தி கிட்டங்கியில் இருக்கும்போதே விலை விழுந்தது. பத்துப் பேர் கொடுத்து வைத்திருந்த பணமும் அதற்குள் அந்தப் பருத்தியில் போய்விட்டிருந்தது. இதை அப்பா எனக்கு எழுதவில்லை. ஊருக்குப் போன அன்று, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

3

என்னைக் கூப்பிட்டு அவர் எழுதிய தபால் அட்டையில் மூன்றே வரி. நோட்டுக்காரர் டிக்ரி வாங்கிவிட்டார். வாரண்டு வரும் என்கிறார்கள். நீ வந்தால் ஒரு முடிவு எடுக்கலாம்.

ஆஸ்பத்திரியில் பதினான்கு நாள் லீவு தந்தார்கள். குடியிருப்பு பர்மிட் ஆபீஸில், பதினான்காம் நாள் திரும்பாவிட்டால் புதுப்பிப்பதற்குத் தாங்கள் பொறுப்பில்லை என்று முத்திரை குத்தினார்கள். மகனை என் வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டுக் கப்பலும் ரயிலுமாக வந்து சேர்ந்தேன். அப்பா சொன்னதையும் ஊரில் விசாரித்ததையும் வைத்து அன்று ராத்திரி ஒரு தாளில் எழுதியது இது.

ஐ.பி. கொடுத்தால்: வாரண்டு நிற்கும். கோர்ட்டு நியமிக்கும் ரிசீவர் கடையையும் வீட்டையும் விற்று எல்லோருக்கும் விகிதப்படி பிரித்துக் கொடுப்பார். ரூபாய்க்கு நாலணா தேறலாம். அப்பா இனி யாரிடமும் கடனுக்குச் சரக்கு வாங்க முடியாது. தங்கச்சி கல்யாணம் தள்ளிப் போகும்.

கொடுக்காவிட்டால்: நோட்டுக்காரர் கடையையும் வீட்டையும் ஏலத்துக்குக் கொண்டுவருவார். அவருக்கே போதாது. அப்பா சிவில் ஜெயிலுக்குப் போகலாம். பத்துப் பேருக்கு ஒன்றும் இல்லை.

எழுதி முடித்ததும் விடை தெளிவாக இருப்பதாக எனக்குத் தோன்றியது. கேள்வியை முழுக்க எழுதாமலே விடையைக் கண்டுவிட்டேன் என்பது அப்போது தெரியவில்லை.

அம்மா தாளை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "ஐ.பி. குடுத்த வீட்டுல பொண்ணு கேட்டு எவன் படியேறுவான்? அதை எழுதுனியா?" என்றாள்.

"எழுதியிருக்கேம்மா. அஞ்சாவது."

"அஞ்சாவதா?" என்று கேட்டுவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

4

திருநெல்வேலி வக்கீல் மெலிந்த மனிதர், எதையும் இரண்டு தடவை சொல்லமாட்டார். மனுவோடு கடன் கொடுத்தவர்கள் பட்டியல் ஒன்று கொடுக்க வேண்டும், யார், எவ்வளவு, என்ன ஆதாரம் என்றார். நோட்டுக்காரரும் பருத்தி வியாபாரிகள் இரண்டு பேரும் காகிதம் உள்ளவர்கள். மூன்று பேரை எழுதிக்கொண்டு, வேறு யாராவது உண்டா என்று கேட்டார்.

அப்பா பத்துப் பேரையும் சொன்னார். ஊர், பெயர், தொகை, எந்த வருஷம் என்று நிறுத்தாமல் சொன்னார். வக்கீல் பேனாவை மூடிவிட்டார்.

அவர் சொன்னதைச் சுருக்கி எழுதுகிறேன். ஐ.பி. கொடுக்கிறவர்களில் சிலர் பொய்க் கடன்காரர்களைச் சேர்ப்பார்கள். சொந்தக்காரன், வேலைக்காரன் பெயரிலெல்லாம் கடன் காட்டி, பிரிக்கிற பணத்தில் ஒரு பங்கைத் தங்கள் பக்கமே திருப்பிக்கொள்வார்கள். காகிதம் இல்லாத பத்துப் பெயரைப் பார்த்த உடனே நோட்டுக்காரரின் வக்கீல் அதைத்தான் சொல்லுவார். கோர்ட்டு நம்பிவிட்டால் ஐ.பி. தள்ளுபடியாகும், மோசடிக் கேஸும் வரும். அதனால் பத்தையும் விட்டுவிடுங்கள்.

அப்படியானால் அவர்களுக்கு முன்னாடியே ரகசியமாகக் கொடுத்துவிட்டு அப்புறம் மனுப் போடலாமா என்று அப்பா கேட்டார். மனுவுக்கு முந்தின மூன்று மாதத்துக்குள் கொடுத்ததை ரிசீவர் அவர்களிடமிருந்து திரும்ப வசூலிக்கலாம் என்றார் வக்கீல். பத்துப் பேரில் ஒருவரான ஆட்டுக் கீதாரி வீட்டுக்குக் கோர்ட்டு அமீனா போவதை அப்பா நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பஸ்ஸில் திரும்பினோம். ஊர் நெருங்கியதும், "நோட்டு எழுதி வாங்குனவனுக்கு நாலணா. என்னைய நம்பி ஒண்ணும் வாங்காமப் போனவனுக்குப் பூஜ்யம். இதுக்குப் பேரு சட்டமா?" என்றார். என்னிடம் கேட்டது போலவும் இருந்தது, கேட்காதது போலவும் இருந்தது.

காகிதம் இல்லாததுதானே குறை, காகிதத்தை உண்டாக்கிவிட்டால் போயிற்று என்று நான் நினைத்தேன். திருப்பி அனுப்பிய புட்டிக்கு வார்டில் நோயாளியைக் கேட்டுப் பெயர் ஒட்டுவதில்லையா?

5

மறுநாள் புது நோட்டுப் புத்தகம் ஒன்றும் கைநாட்டு மையும் வாங்கினேன். பஸ் போகிற மட்டும் பஸ்ஸிலும், மீதியை வாடகை வண்டியிலுமாக இரண்டு நாளில் ஒன்பது பேரைப் பார்த்தேன்; ஒருவர் ஊரில் இல்லை. அப்பாவிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அங்கேயே தடுத்திருப்பார், அது சரியாகவும் இருந்திருக்கும்.

ஒவ்வொரு வீட்டிலும் அதே கேள்விகள். எவ்வளவு கொடுத்தீர்கள்? எப்போது? சாட்சி யார்? அவர்கள் சொன்ன தொகை அப்பா சொன்னதோடு ரூபாய் பிசகாமல் ஒத்துப்போனது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒவ்வொன்றுக்கும் நேரே சிறு கோடு போட்டுக்கொண்டேன்.

வெள்ளைத்தாய் என்ற பெண்ணின் வீட்டில் மட்டும் கொஞ்சம் தடங்கல். அவள் ஆடு விற்ற பணம் எங்கள் கடையில் நான்கு வருஷமாக இருக்கிறது. பெருவிரலை மையில் வைக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத்தன வருசமா மொதலாளி எழுதலியே. இப்ப நீ எதுக்குத் தாயி எழுதுத?"

உங்கள் நல்லதுக்குத்தான் என்றேன். அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. கைநாட்டு வைத்தாள்.

சீட்டுக் கேட்டாலே சந்தேகம் என்று நினைக்கிற ஊர்களில், கடைக்காரரின் மகள் கொழும்பிலிருந்து வந்து வீடு வீடாகக் கைநாட்டு வாங்கினால் என்ன நினைப்பார்கள் என்று நான் யோசிக்கவே இல்லை. இது இந்தக் குறிப்பில் உள்ள என் பெரிய தப்பு. வேறு சின்னத் தப்புகளும் உண்டு, அவற்றை விட்டுவிடுகிறேன்.

6

அடுத்த நாள் காலை கடை திறக்கும் முன்பே எட்டுப் பேர் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். சத்தம் எதுவும் இல்லை. வெற்றிலை போட்டுக்கொண்டு, தபசுக்கு முந்தியே வந்துவிட்டவர்கள் போல இருந்தார்கள். எதிரே காப்பிக் கடையில் நோட்டுக்காரரின் கணக்குப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். இரண்டு நாளில் அவர் காதுக்கும் எட்டிவிட்டது.

அப்பா அவர்களைப் பார்த்தார், பிறகு என் கையிலிருந்த நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். "உள்ள போயி மோர் கொண்டா" என்று மட்டும் சொன்னார்.

எல்லோரும் மோர் குடித்தார்கள். பிறகு மாடக்கண்ணுதான் கேட்டார். அவர்தான் அந்த ஆட்டு மந்தைக் கீதாரி, எட்டுப் பேரில் மூத்தவர்.

"அண்ணாச்சி, கடை படுத்துட்டுங்காவளே. நெசமா?"

"நெசந்தான் வே."

"எங்க பணம்?"

"பருத்தியில போச்சு. ஐ.பி. குடுத்தா, இருக்கத வித்து கோர்ட்டுல பிரிச்சுக் குடுப்பாவ. ரூவாய்க்கு நாலணா வரும். வக்கீல் உங்க பேரை எழுதாதிய, எழுதுனா என்னைய மோசடிக்காரன்னு சொல்லிருவாவங்காரு. எழுதலைன்னா உங்களுக்கு அந்த நாலணாவும் கெடையாது."

அப்பா வக்கீல் சொன்னதை மறைக்காமல் அப்படியே சொன்னதுதான் எனக்குத் திகைப்பு. எட்டுப் பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் நாலணாவாவது வரட்டும் என்றார். இன்னொருவர் இப்போதே கடையில் இருக்கிற தராசையும் படிக்கல்லையும் எடுத்துக்கொண்டு போகலாம் என்றார். பாதி விளையாட்டுக்குச் சொன்னதா என்று தெரியவில்லை, யாரும் சிரிக்கவில்லை. வெள்ளைத்தாய் மட்டும் எழுந்து நின்றாள்.

"எம் பேர வெட்டிரு தாயி. கோர்ட்டுல போயி நான் குடுத்தேன், இவுக தரலைன்னு சொல்ல எனக்கு வராது. எங்க ஊர்ல கோர்ட்டுக்குப் போனவளுக்கும் ஐ.பி. குடுத்தவுகளாட்டம் கெட்ட பேருதான்."

"வெட்டமாட்டேன்" என்றார் அப்பா. "நீ சொல்ல வேண்டாம் வெள்ளைத்தாயி. கூண்டுல ஏறி நாஞ் சொல்லுதேன், இன்னாருக்கு இவ்வளவு தரணும்னு. நம்புனா நம்பட்டும். நம்பலைன்னா என்னையத்தானே உள்ள வைப்பாவ?"

ஐ.பி. கொடுப்பதென்று முடிவானது இப்படித்தான். அப்பாவின் முடிவுக்கு என் தாளில் எந்த வரியும் இல்லை. மாடக்கண்ணு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அப்ப தபசுக்கு வந்தா ஒண்ணுமில்ல, அப்படித்தானே?" என்று கேட்டார். அப்பா ஆமாம் என்றார். எல்லோரும் போய்விட்டார்கள். போகிற போக்கில் ஒருவர் படிக்கல்லைக் காலால் தள்ளிவிட்டுப் போனார். அது உருண்டு சாக்கடையில் விழுந்தது. அப்பா போய் எடுத்துக் கழுவினார்.

7

பதின்மூன்றாம் நாள் கொழும்பு திரும்பினேன். பத்துப் பேரோடும் சேர்த்தே மனுப் போட்டதாக அடுத்த வாரம் தபால் வந்தது. அதன்பிறகு வாய்தா, வாய்தா. தகவலெல்லாம் அம்மாவின் கடிதத்தில் கடைசி வரியாக வரும்.

இங்கே வாழ்க்கை வழக்கம்போல. நான் "சொல்லுதேன்" என்றால் லாபரட்டரியில் சிரிப்பார்கள். அவர்கள் "கதைக்கிறது" என்றால் நான் சிரிப்பதை நிறுத்தி வெகுநாளாகிறது. ஐந்து வயது மகன் தீப்பெட்டி அட்டைகளைச் சிங்களத்தில் எண்ணுகிறான். தமிழில் எண்ணு என்றால் எட்டுக்குப் பிறகு பத்துக்குத் தாவிவிடுகிறான். தாத்தா என்ன வேலை செய்கிறார் என்று அவன் கேட்டதற்குக் கடை வைத்திருந்தார் என்றேன். இப்போது என்றான். இப்போது நான் அனுப்புகிற பணத்தில் இருக்கிறார் என்று சொல்லாமல், சிதறிய அட்டைகளைப் பொறுக்கிக் கொடுத்தேன்.

மாதா மாதம் பணம் அனுப்ப இங்கே ஒரு பாரம் நிரப்ப வேண்டும். காரணம் என்ற இடத்தில் 'பெற்றோர் பராமரிப்பு' என்று நாலு வருஷமாக எழுதிவருகிறேன். பணம் கிடைத்ததும் அப்பா அட்டை போடுவார்: "உன் பணம் வந்தது. கடனாக வைத்திருக்கிறேன்." ஒவ்வொரு அட்டையிலும் இதே வரிதான். மகளிடம் வாங்குகிற கூச்சத்துக்கு எழுதுகிறார் என்று நினைத்து அடுக்கி வைத்துவிடுவேன்.

போன மாதம் வக்கீலின் கடிதம் வந்தது. மனுவின் நகல் ஒன்றும் கூடவே இருந்தது. பட்டியலில் மூன்று பேர், பிறகு பத்துப் பேர். பதினான்காவது என் பெயர். ஐ.பி. கொடுத்த நாள்வரை நான் அனுப்பிய தொகை முழுதும் அணா சுத்தமாக, கடன் என்று.

வக்கீலுக்கே அது கோர்ட்டில் கொடுக்கிற அன்றுதான் தெரிந்ததாம். வேண்டாம் என்று தடுத்தாராம். "வாங்குனது வாங்குனதுதானே" என்று அப்பா சொல்லிவிட்டாராம்.

நோட்டுக்காரரின் ஆட்சேபணையும் வந்திருந்தது. மனுதாரர் சொந்த மகளையே கடன் கொடுத்தவராகக் காட்டியிருக்கிறார். இதிலிருந்தே பத்துப் பேரும் பொய் என்று விளங்கும். வக்கீல் இரண்டே வழி என்கிறார். கடன் உண்மை என்று ஆதாரத்தோடு சத்தியப் பத்திரம் அனுப்பலாம். அல்லது அது கடனல்ல, மகளாக அனுப்பியது, எனக்கு எதுவும் வேண்டாம் என்று எழுதலாம்.

இரண்டாவதுதான் என் மனசு. அன்று ராத்திரியே எழுதவும் உட்கார்ந்தேன். பாதியில் கை நின்றுவிட்டது. என் கடன் பொய் என்று நானே எழுதினால், அப்பாவின் பட்டியலில் ஒரு பெயர் பொய். ஒன்று பொய்யானால் மற்றப் பத்துக்கும் அதே கதிதான். அவர்களிடம் இருப்பது என் நோட்டுப் புத்தகமும் மைக் கறையும் அப்பாவின் ஞாபகமும்தான். எனக்கு மட்டும் பாங்கி ரசீதுகள் இருக்கின்றன, நாற்பத்தைந்து அட்டைகள் இருக்கின்றன. காகிதம் இல்லாதவர்கள் நடுவில் அப்பா சொல்வது நிஜம் என்று காட்டக்கூடிய ஒரே காகிதம் என்னிடம் இருக்கிறது.

8

என் வீட்டுக்காரர் புளியங்குடிக்காரர், எலுமிச்சை வியாபாரக் குடும்பம். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"பெத்த அப்பன்மேல கடன் கேட்டவன்னு ஊர்ல சொல்லுவாவ. ஒன் தங்கச்சியப் பாக்க வாறவனும் கேப்பான்."

"தெரியும்."

"ஒன் பங்கு எடுத்தா அந்தப் பத்துப் பேருக்குக் கொறையுமே?"

வந்தால் அவர்களுக்கே கொடுத்துவிடலாம் என்றேன். அப்பா ஒத்துக்கொள்வாரா என்று கேட்டார். பராமரிப்பு என்று இங்கே எழுதியதைக் காட்டி நோட்டுக்காரரின் வக்கீல் மடக்குவாரோ என்ற பயத்தில் எங்கள் வக்கீலுக்கு எழுதிக் கேட்டேன். பராமரிப்புச் செலவுக்குக் கடன் கொடுக்கக் கூடாதென்று சட்டம் இல்லை என்று வக்கீல் எழுதினார். அதையும் ரசீதுகளோடு சேர்த்து வைத்துக்கொண்டேன். இருந்தும் மைக்ராஸ்கோப்பில் ஒரே கட்டத்தை மூன்று முறை எண்ண வேண்டியிருந்தது. என் வேலையில் எனக்கு அப்படி ஆனதில்லை.

நேற்று அரை நாள் லீவு போட்டு, கடன் உண்மை என்ற சத்தியப் பத்திரத்தில் அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட இந்தியத் தூதரக ஆபீஸுக்குப் போனேன். எதிரில் இருந்த அதிகாரி வடக்கத்தியர், தமிழ் தெரியாது. பத்திரத்தை இங்கிலீஷில் உரக்க வாசித்தார். கடன்பட்டவர் உங்களுக்கு என்ன உறவு என்று கேட்டார். தகப்பனார் என்றேன். தலை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார். மேற்படி தகப்பனார் எனக்கு மேற்படி தொகையைத் தர வேண்டியவர், இன்றுவரை தரவில்லை என்ற இடத்தை நிறுத்தி வாசித்தார். இது உண்மையா என்று சட்டப்படி கேட்டாக வேண்டுமாம், கேட்டார்.

உண்மை என்றேன். அப்பாவுக்காக நான் வாயால் சொன்ன சொற்களில் இவ்வளவு சுருக்கமானது வேறு இல்லை.

மூன்று பிரதிகள். ஒன்று கோர்ட்டுக்கு, ஒன்று ரிசீவருக்கு, ஒன்று நோட்டுக்காரரின் வக்கீலுக்கு. மூன்றிலும் கையெழுத்து ஒரே மாதிரி இருக்க வேண்டும், கொஞ்சம் மாறினாலும் ஆட்சேபணை வரும் என்று அதிகாரி எச்சரித்தார்.

கையெழுத்துப் போட்டு முடித்ததும் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரே மாதிரிதான் இருந்தன.